ஆடி 18-க்கு ஆறு உண்டு. முழுக்குப் போட இடம் உண்டா?

ஆடிப்பெருக்கு வந்தால் தர்மபுரி பஸ் நிலையத்தில் கால் வைக்க இடம் இருக்காது. தூக்குச் சட்டியில் புளிசாதம், மஞ்சள் பையில் தேங்காய் பழம், இடுப்பில் குழந்தை. பென்னாகரம் வழியாக 46 கி.மீ. தாண்டி ஒகேனக்கல் போய் இறங்கினால் என்ன கிடைக்கிறது? பல வருஷங்களில் ஒரு தடுப்புக் கட்டை! "குளிக்கத் தடை. பரிசல் ஓட்டத் தடை."

"இதுக்காடா இத்தனை தூரம் வந்தோம்?" என்று பாட்டி கேட்கிறாள். பேரனிடம் பதில் இல்லை.

தடை போட்டது தப்பா? இல்லவே இல்லை. ஆடி மாசம்தான் குடகிலும் வயநாட்டிலும் தென்மேற்குப் பருவமழை வெளுத்து வாங்கும் காலம். கபினியும் கிருஷ்ணராஜசாகரும் நிரம்பினால் உபரி நீர் பிலிகுண்டுலு தாண்டி நேரே ஒகேனக்கல் பாறைகளில் வந்து மோதுகிறது. 2022-லும் 2024-லும் நொடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் வந்தது. அதில் இறங்குகிறவன் கரையேறுவானா? கலெக்டர் தடை போடாவிட்டால்தான் குற்றம்.

ஆனால் கேள்வி வேறு. தடை போட்டதோடு வேலை முடிந்ததா?

வேண்டுதல் யாருக்கு?

ஆடி 1-ந் தேதி தேங்காய் சுட்டுத் தின்று பண்டிகையைத் தொடங்குகிற ஜில்லா இது. பாரதப் போர் 18 நாள் நடந்தது என்று கணக்குச் சொல்லி, 18-ம் நாள் ஆற்றில் முழுக்குப் போட்டு முடிக்கிறார்கள். தலையில் அருகம்புல்லும் காசும் வைத்து முழுகுகிறார்கள். புது மணப்பெண் தாலிக் கயிறு மாற்றுகிறாள். குலசாமியின் வேலையும் சூலத்தையும் தூக்கி வந்து கழுவுகிறார்கள். மேடையில் ஆட்டம் பாட்டு பார்க்க அவர்கள் வரவில்லை, தண்ணீருக்காக வருகிறார்கள்.

மாவட்ட நிர்வாகம் ஒகேனக்கலில் 3 நாள் ஆடிப்பெருக்கு விழா நடத்துகிறது. உள்ளூர் விடுமுறையும் விடப்படுகிறது. நல்லது. ஆனால் விழாவுக்கு மேடை மட்டும் இருந்து முழுக்குக்கு இடம் இல்லை என்றால், அது மாப்பிள்ளை இல்லாத கல்யாணம்!

சீனாக்காரன் செய்தது

சீனர்களுக்கும் ஓர் ஆற்றுத் திருவிழா உண்டு. அவர்கள் நாள்காட்டியில் 5-ம் மாதம் 5-ம் நாள். சூ யுவான் என்ற பழங்காலக் கவிஞர் ஆற்றில் விழுந்து உயிர் விட்டாராம். ஊர் ஜனங்கள் படகில் ஓடித் தேடினார்களாம். மீன்கள் அவரைத் தின்னாமல் இருக்கச் சோற்றை அள்ளிப் போட்டார்களாம். அதன் நினைவாக இன்றும் டிராகன் படகுப் போட்டி நடக்கிறது. மூங்கில் இலையில் அரிசியைக் கட்டி வேக வைத்துச் சாப்பிடுகிறார்கள். நம்ம சித்திரான்னம் மாதிரிதான்! 2009-ல் யுனெஸ்கோ இந்தத் திருவிழாவை மனிதகுலத்தின் தொட்டறிய முடியாத பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது.

நம்மவர்கள் நிறையப் பேர் வாழும் சிங்கப்பூரிலும் பினாங்கிலும் இந்தப் படகுகள் ஓடுகின்றன. எங்கே? சிங்கப்பூரில் பெடோக் நீர்த்தேக்கத்தில். பினாங்கில் தெலுக் பஹாங் அணையில். திருவிழாவுக்காக யாரும் ஆபத்தான ஆற்றைத் தேடிப் போகவில்லை. அமைதியான தண்ணீரைப் பார்த்து இடத்தை மாற்றிக்கொண்டார்கள். பண்டிகையை விட்டுவிடவில்லை!

இங்கே மட்டும் ஏன் முடியாது? வெள்ளம் வந்தபோது காவிரிக் கரையில் சில ஊர்களில் படித்துறைக்கு மேலேயே ஷவர் குழாய் போட்டு ஜனங்களைக் குளிக்க வைத்திருக்கிறார்கள். 2013-ல் தொடங்கிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம், இதே காவிரித் தண்ணீரைத் தர்மபுரி, கிருஷ்ணகிரி வீடுகளுக்குக் குழாயில் கொண்டுபோகிறது. ஜப்பான் கடனுதவியில் அத்தனை தூரம் போகிற தண்ணீர், கரையிலிருந்து நூறு கஜம் மேலே வராதா?

அடுப்பு எரியாத கரை

இன்னொரு கூட்டத்தையும் மறக்கக் கூடாது. பரிசல்காரர்கள், எண்ணெய் தேய்த்து விடுகிறவர்கள், மீன் வறுத்துத் தரும் பெண்கள். ஆடிதான் அவர்களுக்கு அறுவடை. தடை விழுந்தால் பரிசல் கவிழ்த்துப் போட்டபடி கிடக்கும்; அடுப்பும் அணைந்து கிடக்கும். 2023 மாதிரி மழை பொய்த்தால் தண்ணீர் இல்லை. மழை கொட்டினால் தடை. இரண்டிலும் அடி அவர்களுக்குத்தான். மீனவர்களுக்கு மீன்பிடித் தடைக்கால நிவாரணம் உண்டு. பரிசல்காரனுக்கு ஏன் இல்லை?

வேண்டியது பெரிய காரியம் அல்ல. தண்ணீர் அளவை முதல் நாள் மாலையே பஸ் நிலையங்களில் மைக்கில் சொல்ல வேண்டும். கரைக்கு மேலே குழாய்க் குளியல், பெண்கள் உடை மாற்ற மறைவிடம், பழந்துணியைக் காவிரியில் விடாமல் போடத் தொட்டி. தடை நாட்களுக்குப் பரிசல்காரர்களுக்கு ஒரு தொகை. மேடைச் செலவில் கொஞ்சம் குறைத்தாலே பாதி வேலை நடந்துவிடும்.

காவிரித் தாய் வாசல் வரை வருகிறாள். பிள்ளைகள் ஒரு சொம்புத் தண்ணீர் தலையில் ஊற்றிக்கொள்ளாமல் திரும்புவதா? அடுத்த ஆடிக்குள் அதிகாரிகள் கவனிப்பார்களா?