எண்ணினது போதும், வாசியுங்கோ

லினக்ஸ் கேர்னலின் மூலநிரல் ஆரும் இறக்கி வாசிக்கக்கூடிய ஒண்டு. இரண்டு கோடி வரிக்கு மேல. அதுக்குள்ள ஒரு சொல்லைத் தேட 'கிரெப்' எண்ட கட்டளை போதும். அந்தச் சொல் வாற வரியெல்லாத்தையும் கொண்டுவந்து கொட்டும். கனபேர் இதை வைச்சுத் தூசணம் எண்ணுறாங்கள். கூடினதா குறைஞ்சதா எண்டு வரைபடமும் கீறியிருக்கிறாங்கள். பகிடிக்குச் சரி. ஆனா அந்த எண்ணிக்கையை வைச்சு ஒரு சமூகத்தின்ர குணத்துக்குத் தீர்ப்புச் சொல்லேக்கதான் பிரச்சினை.

'கில்' எண்டு தேடிப்பாருங்கோ. கொலைக்களம் மாதிரித் தெரியும். ஆனா யுனிக்ஸ் வழிவந்த முறைமைகளில 'கில்' எண்டா ஓடிக்கொண்டிருக்கிற ஒரு நிரலுக்குச் சமிக்ஞை அனுப்புறது. 0 எண்ட சமிக்ஞையை அனுப்பினா ஒண்டும் சாகாது. அந்த நிரல் இன்னும் ஓடுதா எண்டு மட்டும் பார்க்கலாம். இது எந்த எண்ணிக்கையிலயும் தெரியாது.

2018 செப்டெம்பரில லினஸ் டோர்வால்ட்ஸ் தன்ர நடத்தைக்கு மன்னிப்புக் கேட்டார். கேர்னலுக்குப் புது நடத்தைக் கோவையும் வந்தது. நவம்பர் கடைசியில ஒருத்தர் கொமென்ட்களில இருந்த தூசணச் சொல்லைத் தூக்கிப்போட்டு, அந்த இடங்களில 'கட்டிப்பிடி' எண்டு அர்த்தம் வாற 'ஹக்' எண்ட சொல்லைப் போட்டுத் திருத்தங்கள் அனுப்பினார். கேர்னலில ஒரு பழைய பகிடி இருக்கு: விர்ஸெனியஸ் வேற கணினிகளிலயும் ஓடக்கூடியமாதிரி எழுதினதை டோர்வால்ட்ஸ் நாசமாக்கிப்போட்டார் எண்டு, தூசணத்தோடயும் ஒரு சிரிப்புக்குறியோடயும். புது விதிப்படி அதை மாத்தினா டோர்வால்ட்ஸ் அதைக் கட்டிப்பிடிச்சுப்போட்டார் எண்டு வரும். இதால ஆருக்கு என்ன நியாயம் கிடைச்சது?

டோர்வால்ட்ஸ் மன்னிப்புக் கேட்டது மின்னஞ்சல்களில ஆக்களைத் தாக்கினதுக்கு. காயம் பட்டது அங்க. மூலநிரலில தூசணம் பூச்சியமா வந்தாலும் அந்தக் காயத்தில ஒரு சொட்டும் ஆறாது.

அப்ப சொல்லைப் பற்றிக் கவலைப்படவே தேவையில்லையா? "வெறும் சொல்தானே" எண்டு தோளைக் குலுக்கிற ஆக்களோடயும் எனக்கு உடன்பாடில்லை. 'மாஸ்டர்', 'ஸ்லேவ்' எண்ட சோடியை எடுங்கோ. தூசணம் ஒரு மனிசன் எரிச்சலில கத்தினது. 'ஸ்லேவ்' அப்பிடியில்லை. அடிமை எண்ட உறவை ஒரு சாதாரண வன்பொருள் விசயமா, ஆரும் திரும்பிப் பாராத அளவுக்குப் பழக்கிவிட்ட சொல் அது.

2020இல கேர்னல் ஆக்கள் இதைக் கையாண்ட விதம்தான் எனக்குப் பிடிச்சது. புதுசா எழுதேக்க அந்தச் சோடியைத் தவிருங்கோ எண்டார்கள். பழைய இடைமுகங்களில ஏற்கெனவே இருக்கிறதுக்கு விலக்குக் குடுத்தார்கள், ஏனெண்டா பேரை மாத்தினா அதை நம்பியிருக்கிற நிரல்கள் உடையும். மாற்றாக ஒரு சோடியை மட்டும் குடுக்கவுமில்லை. முதன்மை–துணை, தலைவர்–பின்தொடர்பவர், கட்டுப்படுத்தி–சாதனம் எண்டு பல சோடிகள். எதைப் போடுறது எண்டு தெரியவேணுமெண்டா அந்த இடத்தில ரெண்டுக்கும் நடுவில என்ன உறவு எண்டு விளங்கவேணும். அதாவது வாசிக்கவேணும்.

கலைப்பீடத்தில நாங்கள் படிக்கிறது இதைத்தானே? ஒரு சொல்லை அது நிக்கிற வரியில, அதை எழுதின கையோட சேர்த்து வாசிக்கிறது. பிறகேன் மூலநிரலைக் கண்டா அது விஞ்ஞானபீடத்துச் சாமான் எண்டு ஒதுங்கி நிக்கிறம்? அந்த நிரல் திறந்துதான் கிடக்கு. தேடுறதைக் கிரெப் செய்யட்டும். வாசிப்பு எங்கட வேலை.