காணியை விற்பதற்கு முன்னர் கேட்க வேண்டியவை

சில வாரங்களுக்கு முன் ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் படியிறங்கும்போது ஒரு வாப்பா என்னைப் பிடித்துக்கொண்டார். "சேர், மகள் பயோ செய்தாள். இங்கே மெடிசினுக்கு இஸட் புள்ளி போதாது. வெளிநாட்டுக்கு அனுப்ப ஓர் ஏஜென்ட் வந்திருக்கிறார். வெலிமடையில் உள்ள காணியைக் கொடுத்துவிடலாமா என்று பார்க்கிறேன்" என்றார்.

நான் ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி பெற்ற பள்ளிக்கூட ஆசிரியன், வைத்தியத்துறை தெரிந்தவன் அல்லன். ஆனால் என்னிடம் படித்த சிலர் அந்த வழியில் போனதையும், பட்டத்தோடு திரும்பி வந்து வருடக்கணக்கில் வீட்டில் காத்திருந்ததையும் பார்த்திருக்கிறேன். அதனால் அவரிடம் ஒன்றை மட்டும் சொன்னேன்: "அந்தப் பல்கலைக்கழகத்தை இலங்கை மருத்துவ சபை அங்கீகரித்திருக்கிறதா என்று ஏஜென்டிடம் எழுத்தில் கேளுங்கள்."

பட்டம் கையில் வந்துவிட்டால் டாக்டர் ஆகிவிடலாம் என்றுதான் நமது மக்கள் பலரும் நினைக்கிறார்கள். அப்படியல்ல. 1927ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க மருத்துவக் கட்டளைச் சட்டத்தின் கீழ், மருத்துவ சபையின் பதிவேட்டில் பெயர் ஏறினால்தான் ஒருவர் இந்நாட்டில் வைத்தியம் பார்க்கலாம். உள்ளூர்ப் பட்டதாரிக்கு முதலில் தற்காலிகப் பதிவு கிடைக்கும். அதன்பின் ஒரு வருட உள்ளகப் பயிற்சி. அதை முடித்தால்தான் முழுப் பதிவு, அதற்கு அப்பால்தான் சுகாதார அமைச்சின் நியமனம். வெளிநாட்டில் படித்தவருக்கு இவற்றுக்கெல்லாம் முன்னால் இன்னுமொரு பரீட்சை இருக்கிறது. ஈ.ஆர்.பி.எம். என்பார்கள், பழையவர்களுக்கு அது 'ஆக்ட் 16'. அதில் பலர் பல தடவை அமர்கிறார்கள். என் மாணவி ஒருத்திக்கு, படித்த நாட்டிலிருந்து வரவேண்டிய உறுதிப்படுத்தல் கடிதமொன்று வராததால் மட்டும் மாதக்கணக்கில் தாமதம். அவளுடைய உம்மா அடகு வைத்த நகை அப்போதும் அடகில்தான் இருந்தது.

உள்நாட்டில் படித்தாலும் பதிவுப் பிரச்சினை வராது என்பதற்கில்லை. மாலபேயில் இருந்த சைட்டம் தனியார் மருத்துவக் கல்லூரியை எல்லோரும் அறிவோம். மருத்துவ சபை அதன் பட்டதாரிகளைப் பதிய மறுத்தது. பதிய வேண்டும் என்று 2017 ஜனவரி 31ஆம் திகதி மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2018 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. இடையில் நாடு முழுக்க வேலைநிறுத்தமும் ஆர்ப்பாட்டமும் நடந்தன. மாணவர்கள் கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகத்துக்கு மாற்றப்பட்டார்கள். சபை அன்று பிடிவாதம் பிடித்ததா, தரத்தைக் காத்ததா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. தரத்தைக் கேட்பது சரி என்பதே என் எண்ணம். அந்தக் கேள்வியைப் பிள்ளைகள் காசு கட்டிச் சேருவதற்கு முன்னர் கேட்டிருக்க வேண்டும்.

இந்தப் பக்கத்து மக்களைத் தொடும் இன்னொரு விஷயமும் இதற்குள் இருக்கிறது. முழுப் பதிவு பெற்றவர்கள் தரவரிசைப்படி இடங்களைத் தெரிவுசெய்கிறார்கள். முன்னால் இருப்பவர் கொழும்பையோ கண்டியையோ எடுப்பார். மடுல்சீமை, லுணுகலைப் பக்கத்துச் சிறிய வைத்தியசாலைகள் பட்டியலின் கடைசியில்தான் நிரம்பும். 2022 நெருக்கடிக்குப் பின் வைத்தியர்கள் வெளிநாடு செல்லத் தொடங்கியதும் அந்தக் கடைசி இடங்களே முதலில் வெறுமையாகின. தோட்டங்களில் நெடுங்காலமாக முதலில் கைநாடி பார்ப்பவர் தோட்ட மருத்துவ உதவியாளர்தான். அவரிடம் எம்.பி.பி.எஸ். இல்லாவிட்டாலும் மக்களுக்கு அவர் டாக்டர் ஐயா. நோய் முற்றினால் பதுளை பெரியாஸ்பத்திரிக்கு வர வேண்டும்.

வந்தால் அங்கே வேறொரு கஷ்டம். எங்கள் பாடசாலையில் எட்டாம் ஆண்டுப் பிள்ளை ஒருத்தி அடிக்கடி வரவில்லை. விசாரித்தபோது சொன்னாள்: "அம்மாவுக்குச் சிங்களம் தெரியாது சேர். டாக்டருக்குத் தமிழ் தெரியாது. நான்தான் கூடப் போய்ச் சொல்லணும்." தாயின் இரத்தப்போக்கைப் பற்றிப் பதின்மூன்று வயதுப் பிள்ளை மொழிபெயர்க்கிறது. தாய் வெட்கத்தில் பாதியை மறைக்கிறாள், பிள்ளை தெரியாமல் மீதியை விடுகிறது. அந்த வைத்தியர் எல்லாப் பரீட்சையும் சித்தியடைந்தவர், பதிவிலக்கமும் சரியாக இருக்கிறது. அவர் மீது எனக்குக் கோபமில்லை. நோயாளியின் மொழி தெரியுமா என்று அவரை யாரும் கேட்கவில்லை.

கேட்பதற்கு விதி இல்லாமலில்லை. 2007 ஜூலை முதலாம் திகதிக்குப் பின் அரச சேவையில் சேர்ந்தோர் ஐந்து வருடத்துக்குள் இரண்டாம் அரசகரும மொழியில் தேர்ச்சி பெற வேண்டுமென 2007இன் 7ஆம் இலக்கப் பொது நிர்வாகச் சுற்றறிக்கை சொன்னது. ஆனால் ஐந்து வருடம் முடிவதற்குள் வைத்தியர் இடமாற்றம் பெற்றுப் பதுளையை விட்டுப் போய்விடுவார். அதனால் பேச்சுத்தமிழை உள்ளகப் பயிற்சி வருடத்துக்குள்ளேயே சோதிக்க வேண்டும். நோவு எங்கே, எத்தனை நாளாக, வேறென்ன மருந்து குடிக்கிறாய் என்று கேட்கும் அளவுக்குத் தெரிந்தால் போதும். இலக்கணம் யாருக்கு வேண்டும்?

தமிழ் பேசும் வைத்தியர்கள் இங்கிருந்தே உருவாகலாமே என்பார்கள். பதுளை பின்தங்கிய மாவட்டங்களில் ஒன்று. பல்கலைக்கழக அனுமதியில் அவற்றுக்கென 5 வீதம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஆனால் அந்த ஒதுக்கீடு மாவட்டத்துக்குரியது, லயத்துக்குரியதல்ல. உயர்தர விஞ்ஞானப் பிரிவே இல்லாத பாடசாலையில் படிக்கும் தோட்டத்துப் பிள்ளை அதில் எப்படி ஏறும்? குருத்தலாவ, சில்மியாபுர போன்ற ஊர்களின் நம் பிள்ளைகளுக்கும் விஞ்ஞான ஆசிரியர் கிடைப்பது எளிதல்ல. நகரத்துக்கு ரியூஷன் அனுப்ப வசதியுள்ள வீட்டுப் பிள்ளை தப்பிக்கொள்கிறது.

அந்த வாப்பா போன வெள்ளிக்கிழமை மறுபடி வந்தார். எழுத்தில் கேட்டதற்கு ஏஜென்ட், "அதெல்லாம் போன பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்றாராம். காணியை அவர் இன்னும் விற்கவில்லை. மகள் இரண்டாம் முறை உயர்தரம் எழுத விண்ணப்பித்திருக்கிறாள்.