இருபத்தொரு நாளும் ஒரு வக்கீலும்

நிலப் பயன்பாட்டை மாற்ற பில்டர்கள் வக்கீல் வைத்துக்கொள்வதைப் பலர் குறை சொல்கிறார்கள். எனக்கு அதில் தப்பு தெரியவில்லை. 1971-ம் வருட நகர் ஊரமைப்புச் சட்டம், மாஸ்டர் பிளான், அரசாணைகள் என்று அடுக்கினால் படித்தவர்களுக்கே தலை சுற்றும். பணம் போட்டவர் பட்டா, வில்லங்கம், சாலை அகலம் எல்லாம் பார்த்து மனுப்போட ஆள் வைக்கத்தான் செய்வார். குறுக்கு வழிக்கு அது எவ்வளவோ மேல்.

என் கவலை எதிர்ப்பக்கம் பற்றியது. சி.எம்.டி.ஏ. எல்லையில் விவசாய நிலத்தைக் குடியிருப்பாக மாற்றக் கேட்டால் நாளிதழில் அறிவிப்பு வரும். ஆட்சேபிக்க 21 நாள். வெறும் சர்வே எண்ணைப் பார்த்து, அது நம் தெருவுக்குப் பின்னால் இருக்கும் ஓடைக்கரை என்று எத்தனை பேருக்குப் புரியும்? புரிந்தாலும், "வெள்ளம் வரும் சார்" என்று ஒரு வரி எழுதினால் எடுபடாது. 2015 டிசம்பரில் தண்ணீர் எதுவரை நின்றது, வடிகால் எங்கே போய்ச் சேர்கிறது என்று போட்டோவும் வரைபடமுமாகக் கொடுக்கவேண்டும். இவர்களுக்கும் ஒரு வக்கீல் வேண்டாமா?

மாவட்டந்தோறும் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. கோர்ட்டு வழக்குக்கு இலவச வக்கீல் தருகிறவர்கள் இந்த 21 நாளுக்கும் ஒருவரைத் தரலாம். வீடெல்லாம் விற்று, ஜனங்கள் குடிவந்தபின் ஐகோர்ட்டுக்கு ஓடுவதைவிடச் செலவும் குறைவு.