அட்டையில் ஏறாத குளவி

மேல்நாடுகளில் உடற்பருமனைக் குறைக்கும் அறுவைச் சிகிச்சைக்குங்கூட, நோயின் குறியெண் பதிவில் ஏறினாலன்றிக் காப்புறுதிப் பணம் கிட்டாது. ஹட்டனிலும் நுவரெலியாவிலும் கொழுந்து மலையில் குளவி கொட்டி வீழும் நம் பெண்ணின் நோய் நிர்ணய அட்டையோ "ஒவ்வாமை" என்ற ஒற்றைச் சொல்லோடு நின்றுவிடக்கூடும். சர்வதேச நோய்ப் பட்டியலின் பத்தாம் பதிப்பில் குளவி, தேனீக் கொட்டுக்கென்றே எக்ஸ் 23 என்னும் குறியெண் உண்டு. 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம், விபத்து வேலையின் காரணமாக, வேலையின்போது நேர்ந்ததா என்று வினவுகிறது. ஒவ்வாமை அதற்கு விடை பகருமா? எங்கே, எவ்வேளையில், எதனால் என்பதை வைத்தியர் எழுதல் வேண்டும். தமிழிலும் எழுதல் வேண்டும். (1988ஆம் ஆண்டின் பதினாறாம் திருத்தத்தால் தமிழும் நிர்வாக மொழியாம், ஏட்டளவில்!) அட்டையில் குளவி இருக்கிறதா என்று பாராமல் எவரையும் வைத்தியசாலையிலிருந்து அழைத்து வராதீர்கள் என்று தோட்டத் தலைவர்மாரைக் கேட்டுக்கொள்கிறோம்.