இந்திர ராய் ரோடும் ஒரு விமானமும்

லேக் மார்க்கெட்டிலிருந்து பவானிபூர் பக்கம் போகும்போதெல்லாம் 'இந்திர ராய் ரோடு' என்ற பெயர்ப்பலகை கண்ணில் படும். யாரோ ஒரு ஜமீன்தாராக இருப்பார் என்று முப்பது ஆண்டுகளாக நினைத்துக்கொண்டிருந்தேன். பள்ளியில் படிக்கும் என் பேரன்தான் சென்ற மாதம் திருத்தினான். "தாத்தா, அவர் போர் விமானி. 19 வயதிலேயே இறந்துவிட்டார்" என்றான். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

இந்திர லால் ராய் 1898-ல் கல்கத்தாவில் பிறந்தவர். லண்டனில் படித்து, 1917-ல் பிரிட்டிஷ் விமானப்படையில் சேர்ந்தார். அவ்வாண்டு டிசம்பரில் விமானம் விழுந்து படுகாயமடைந்தார். இனிப் பறக்கத் தகுதியில்லை என்றார்கள். அவர் விடவில்லை. போராடித் திரும்பி வந்து, 1918 ஜூலையில் இரண்டே வாரங்களில் 10 வெற்றிகள் பெற்றார். ஜூலை 22 அன்று பிரான்சில் நடந்த வான்சண்டையில் அவர் விமானம் தீப்பற்றி விழுந்தது. அன்றைய பிரிட்டிஷ் விமானிகளுக்குப் பாராசூட் கிடையாது. பிரான்சில் எஸ்தவேல் கிராமத்தில் உள்ள அவர் கல்லறையில் வங்க எழுத்துகளும் இருக்கின்றன.

அவர் ஓட்டிய எஸ்.இ.5ஏ விமானத்தைப் போலவே ஒன்றைச் செய்து, பறக்கவிட வேண்டும் என்பது என் கருத்து. மரச்சட்டம், அதன்மேல் இழுத்துக் கட்டிய லினன் துணி, அதை விறைப்பாக்கும் பூச்சு, 200 குதிரைசக்தி எஞ்சின்: இவ்வளவுதான் அந்த விமானம். நியூசிலாந்தில் இதைப் புதிதாகவே செய்து பறக்கவிட்டிருக்கிறார்கள். துர்கா பூஜைப் பந்தலில் மூங்கிலையும் துணியையும் வைத்து அரண்மனையே எழுப்பும் கைகள் உள்ள ஊர் இது. தகுதி பெற்ற விமானப் பொறியாளர்கள் கூட இருந்து கற்றுக்கொடுத்தால் இங்கே முடியாதா?

இதைச் சங்கத்தில் சொன்னபோது ஒரு நண்பர், "வெள்ளைக்காரனுக்காகச் சண்டை போட்டவருக்கு நாம் ஏன் ஐயா செலவு செய்ய வேண்டும்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தப் போர் நம் வீட்டு வாசலுக்கும் வந்தது. 1914 செப்டம்பரில் எம்டன் கப்பல் சென்னையில் குண்டு போட்டதால்தான் 'எம்டன்' என்ற சொல்லே தமிழில் நிலைத்தது. கப்பலின் பெயரை நினைவில் வைத்திருக்கும் நாம், அதே போரில் மடிந்த நம் நாட்டுப் பிள்ளையை மறக்கலாமா? எந்தக் கொடியின் கீழ் பறந்தார் என்பதையும் மறைக்காமல் குழந்தைகளுக்குச் சொல்லுவோம்.

"சிலை வைத்தால் போதாதா?" என்பது அடுத்த கேள்வி. சிலைக்கு ஆண்டுக்கு ஒரு மாலை. மற்ற நாட்களில் காக்கைதான் துணை. பறக்கும் விமானமோ ஆண்டு முழுதும் கவனிப்பைக் கேட்கும். துணி தைக்கவும் மரம் இழைக்கவும் எஞ்சினைப் பிரித்துப் பூட்டவும் ஒருவர் மாற்றி ஒருவர் கற்றுக்கொண்டே இருக்க வேண்டும். 2018-ல் பழைய டகோட்டா ஒன்று இங்கிலாந்தில் பழுது பார்க்கப்பட்டு, அங்கிருந்து பறந்தே இந்தியா வந்து நம் விமானப்படையில் சேர்ந்தது. டகோட்டா விமானியாக இருந்த தந்தைக்காக ஒரு மகன் செய்த காரியம் அது.

எனக்குள்ள ஒரே பயம் வேறு. இறந்த இளைஞனைப் போற்றப்போய் இன்னொரு இளைஞனைப் பலி கொடுத்துவிடக் கூடாது. ஆகவே துப்பாக்கி பொம்மையாக இருக்கட்டும். கூட்டத்தின் தலைக்குமேல் பறக்க வேண்டாம். அரசு ஆய்வாளர்கள் கையெழுத்திடாத வரை தரையிலேயே நிற்கட்டும். அவர்கள் முடியாது என்றால் ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

பணம் நம் சங்கத்திடம் இல்லை என்பது எனக்கும் தெரியும். வங்காள நண்பர்களிடமும் ஓய்வு பெற்ற விமானப்படையினரிடமும் பேச்சைத் தொடங்கவாவது நம்மால் முடியும். வருகிற ஜூலை 22 அன்று நம் குழந்தைகளை அந்தத் தெருவுக்கு அழைத்துப் போய்ப் பெயர்ப்பலகையைக் காட்டலாம். அதற்குச் செலவே இல்லை. நமக்குப் பிழைப்பும் வீடும் தந்த ஊர் இது. இதன் தெருப்பெயர்களையாவது தெரிந்துகொள்வது நம் கடமையல்லவா?