தடுப்பு மாத்திரை எவருக்கு உரியது?

இன்ஃப்ளுயன்சா வைரஸ் மூச்சுப்பாதையின் உயிரணுவுக்குள் பெருகி வெளிவரும்போது, அந்த உயிரணுவின் மேற்பரப்போடு தன்னைப் பிணைக்கும் கண்ணியை அறுத்துக்கொள்ள நியூராமினிடேஸ் என்னும் நொதியைப் பயன்படுத்துகிறது. அந்நொதி முடக்கப்பட்டால் புதிய வைரஸ்கள் பிறந்த இடத்திலேயே சிக்கிக்கொள்ள, தொற்று மேற்கொண்டு பரவ வழியின்றிப் போகிறது. டாமிஃப்ளூ என்ற வணிகப் பெயரால் அறியப்பட்ட ஓசெல்டாமிவிர் செய்வது இதையே. நோயுற்ற பெரியவருக்கு 75 மில்லிகிராம் வீதம் நாளுக்கு இருவேளை, ஐந்து நாள்கள் கொடுக்கப்படும் இம்மருந்தை, நோயாளியோடு நெருங்கிப் பழகியும் அறிகுறி ஏதும் தோன்றாதவருக்கு நாளுக்கு ஒருவேளை மட்டும் கொடுத்து, நோய் தலைகாட்டுமுன் தடுப்பதும் உண்டு. நோயாளியுடன் பழகிய 48 மணி நேரத்துக்குள் அது தொடங்கப்பட வேண்டும்.

இம்முறையால் எவ்வளவு சாதிக்க முடியும் என்பதைச் சிங்கப்பூரின் ராணுவ முகாம்கள் காட்டின. 2009இல் எச்1என்1 பெருந்தொற்று அங்கு நான்கு இடங்களில் தலைதூக்கியபோது, நோயுற்றோர் உடனே தனிமைப்படுத்தப்பட்டு, அவர்களைச் சூழ்ந்திருந்தோர் அனைவருக்கும், ஏறத்தாழ 1,100 பேருக்கு, ஓசெல்டாமிவிர் தரப்பட்டது. அதற்கு முன் 6.4 விழுக்காடாக இருந்த தொற்று, அதன் பின் 0.6 விழுக்காடாகக் குறைந்தது. இந்த வெற்றியில் மருந்துக்கு மட்டுமன்றி, இடைவிடாத பரிசோதனைக்கும் ராணுவக் கட்டுப்பாட்டுக்கும் பங்கு உண்டு என்பதை மறந்துவிடலாகாது.

அதே ஆண்டு செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட குறிப்பு மறுபக்கத்தைக் காட்டியது. ஓசெல்டாமிவிருக்குக் கட்டுப்படாத பெருந்தொற்று வைரஸ்கள் அதுவரை 28 கண்டறியப்பட்டிருந்தன. அவற்றுள் 12, இவ்வாறு தடுப்புக்காக மருந்து உட்கொண்டோரிடம் தோன்றியவை. காரணம் விளங்காததன்று. அறிகுறி இல்லை என்பதால் தொற்றும் இல்லை என்று கருதப்படும் ஒருவருடைய உடலில் வைரஸ் ஏற்கெனவே பெருகத் தொடங்கியிருந்தால், அவருக்குக் கிடைப்பது சிகிச்சைக்குரிய அளவில் பாதியே. அந்தப் பாதி அளவு மருந்துக்குக் கட்டுப்படும் வைரஸ்களை ஒடுக்கி, மருந்தைத் தாங்கவல்ல மாற்றுருவை எஞ்சவிடுகிறது. அத்தகைய மாற்றுரு உலகெங்கும் பரவக்கூடியது என்பது வெறும் ஊகமன்று: 2008–09 குளிர்காலத்தில் பரவிய பழைய பருவகால எச்1என்1 வைரஸ்களில் ஏறக்குறைய அனைத்துமே ஓசெல்டாமிவிருக்கு அடங்காதவையாக இருந்தன.

எனவே ஆரோக்கியமான இளையோர் வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் கண்டவுடன் எல்லோரும் மாத்திரை விழுங்குவது ஏற்கத்தக்கதன்று. அவர்கள் அறிகுறிகளைக் கூர்ந்து கவனித்து, காய்ச்சல் தொடங்கினால் காலம் தாழ்த்தாமல் முழு அளவில் சிகிச்சை பெறுவதே நலம். ஜப்பானிய வீடுகளில் நடந்த ஆய்வொன்றில், ஒரே வேளையோடு முடிந்துவிடும் பலோக்சாவிர் என்னும் புதிய மருந்து, நோயுறுவோர் விகிதத்தை 13.6இலிருந்து 1.9 விழுக்காடாகக் குறைத்தது உண்மை; ஆயினும் அதற்கும் அடங்காத மாற்றுருக்கள் உண்டு. 2017 முதல் இந்தியாவில் ஓசெல்டாமிவிர் மருத்துவரின் சீட்டோடு சாதாரண மருந்துக்கடையிலேயே கிடைக்கிறது என்பதால், இந்த வரம்பை வகுக்கும் பொறுப்பு சீட்டு எழுதுபவரையே சேர்கிறது.

முதியோர் இல்லத்தின் நிலை வேறு. அங்கே தடுப்பூசியின் பயன் வயதால் குன்றியிருக்கும். தொற்றோ ஓர் அறையோடு நிற்பதில்லை. நோயுறுவோரில் பலருக்கு அது உயிர் பற்றிய வினா. மூன்று நாள்களுக்குள் இருவர் நோயுற்று, ஒருவருக்கேனும் ஆய்வகத்தில் அது உறுதியானால், அதே பிரிவில் தங்கியுள்ள அறிகுறியற்ற எல்லோருக்கும், தடுப்பூசி போட்டவர்களையும் உட்படுத்தி, குறைந்தது இரண்டு வாரமும், கடைசி நோயாளி கண்டறியப்பட்டபின் ஏழு நாள்கள் வரையிலும் மருந்து தரவேண்டும் என்கிறது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் வழிகாட்டல். சிறுநீரகம் தளர்ந்தவருக்கு அளவைக் குறைத்து, குமட்டலைக் கவனித்துக்கொண்டு, தயக்கமின்றி இம்மருந்தைச் செலவிடத்தக்க இடம் இதுவே.