கண் மட்டும் போதுமா?

"காமிரா எதுவாக இருந்தால் என்ன, பார்க்கிற கண் அல்லவா முக்கியம்!" புகைப்படக் கலையில் ஆர்வம் கொண்ட மாணவர் எவரும் இந்த அறிவுரைக்குத் தப்பியிருக்க முடியாது. நானும் தப்பவில்லை. ஒரு புதிய லென்ஸ் வேண்டும் என்று நான் பேச்செடுத்த போதெல்லாம் யாரேனும் ஒருவர் இதைச் சொல்லி என் வாயை அடைத்திருக்கிறார். சொன்னவர்களில் பலருடைய கழுத்தில் நல்ல காமிரா தொங்கிக்கொண்டிருந்தது என்பது வேறு விஷயம். இந்த வாசகத்தில் பாதி உண்மைதான் இருக்கிறது என்பது என் கருத்து. மற்றப் பாதியைப் பற்றி இங்கே சொல்ல விரும்புகிறேன்.

என் தந்தையார் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு சிறு பட்டறையில் லேத் ஓட்டுகிறார். 1964-இல் தொடங்கப்பட்ட அந்தப் பேட்டையைப் பற்றி நம் பகுதி மாணவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நம்மில் பல குடும்பங்களின் அடுப்பு எரிவதே அதனால்தான். அவர் வேலை செய்வதைப் படம் எடுக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. முதலாளியின் அனுமதியுடன் மூன்று இரவுகள் போனேன். தலைக்கு மேலே ஒரு குழல் விளக்கு, இயந்திரத்தின் அருகே ஒரு சிறு பல்பு, அவ்வளவுதான் வெளிச்சம். என்னிடம் இருந்தது இன்னொருவர் பயன்படுத்திக் கழித்த கேனான் காமிராவும், அதனுடன் வந்த 18-55 லென்ஸும். 55 மி.மீ.க்கு நீட்டினால் அந்த லென்ஸின் துளை எஃப்/5.6-க்கு மேல் திறக்காது. அந்த மங்கலில் ஒரு நொடியில் எட்டில் ஒரு பங்கு நேரமாவது ஷட்டர் திறந்திருக்க வேண்டும். அதற்குள் அப்பாவின் கை நகர்ந்துவிடும். உணர்திறனை மேலும் ஏற்றினால் படம் முழுவதும் மணல் தூவியது போலாகிவிடும். பிளாஷ் போடலாமே என்பீர்கள். ஓடுகிற லேத்தின் முன் நிற்பவர் கண்ணில் பிளாஷ் அடிப்பதைப் போன்ற மடமை வேறில்லை. ஆக, மூன்று இரவும் எனக்குக் கிடைத்தவை கலங்கல் படங்களே.

அப்போது எனக்குக் கண் இல்லாமலா போயிற்று? எதை எடுக்க வேண்டும், எந்தக் கணத்தில் எடுக்க வேண்டும் என்பதெல்லாம் தெளிவாகத் தெரிந்தே இருந்தது. கருவிதான் இல்லை.

அது கிடைத்தது பட்டாபிராமில், என் மாமா வீட்டுப் பரணில். 1980களில் அவர் ஆசையாக வாங்கிய சோவியத் நாட்டு ஜெனித் காமிரா அது. உதகையில் 1960-இல் நிறுவப்பட்டு, பிற்காலத்தில் மூடப்பட்ட அரசு நிறுவனம் தயாரித்த 'இந்து' பிலிமைப் போட்டு, 36 படத்தையும் எண்ணி எண்ணி எடுப்பாராம். காமிரா துருவேறிக் கிடந்தது. ஆனால் அதிலிருந்த 58 மி.மீ. ஹீலியோஸ் லென்ஸில் ஒரு கீறல் கூட இல்லை. சில நூறு ரூபாயில் ஓர் இணைப்பு வளையம் வாங்கி அதை என் காமிராவில் பொருத்தினேன். அதன் துளை எஃப்/2 வரை திறக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: எஃப்/5.6-ஐ விட ஏறத்தாழ எட்டு மடங்கு வெளிச்சம். எட்டில் ஒரு பங்காக இருந்த நேரம் அறுபதில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. நான்காம் இரவு எடுத்த படத்தில் அப்பாவின் முகம் தெளிவாக விழுந்தது. பால் பொங்கும் நேரத்தில் அடுப்பருகே நிற்கிற அம்மாவின் முகத்தில் இருக்குமே, அதே கவனம். இருபது ஆண்டுகளாக ஒரே வீட்டில் இருக்கிறேன். அந்த முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

கருவிக்காக மெனக்கெடுவது கலைஞனுக்கு இழுக்கு என்று நினைப்பவர்கள் மா. கிருஷ்ணனை (1912-1996) நினைத்துப் பார்க்க வேண்டும். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகனான அவர், யானைகளையும் மான்களையும் கறுப்பு வெள்ளையில் படமெடுத்துப் புகழ்பெற்றவர். 1970-இல் பத்மஸ்ரீ விருது பெற்றவர். அவரைவிடக் கூரிய கண் யாருக்கு இருந்தது? அவரே பல காமிராக்களின் உறுப்புகளை ஒன்று சேர்த்து ஒரு கனத்த கருவியை உருவாக்கி, அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று வேடிக்கையாகப் பெயரும் வைத்திருந்தார்.

இதைப் படித்த பிறகுதான் எனக்கும் ஓர் எண்ணம் பிறந்தது. லென்ஸுக்கும் காமிராவுக்கும் இடையே வெற்றுக் குழாய் ஒன்றைச் சேர்த்தால் மிக அருகில் இருப்பதைப் பெரிதாக எடுக்கலாம். 58 மி.மீ. லென்ஸுக்கு 58 மி.மீ. குழாய் என்றால் பொருளும் பிம்பமும் ஒரே அளவாகிவிடும். குழாயில் கண்ணாடி எதுவும் கிடையாது, வெறும் காற்றுதான். அப்பாவிடம் சொன்னேன். அவர் லென்ஸை வாங்கி வெர்னியரால் அளந்தார், மரையில் கேஜை வைத்துப் பார்த்தார். "42 மில்லி, 1 மில்லி பிட்ச். இதுக்கா இவ்வளவு யோசனை?" என்றார். மறுநாள் சாப்பாட்டு வேளையில், கழித்துப் போட்ட அலுமினியத் துண்டிலிருந்து குழாய் தயாராகிவிட்டது. முதலில் எடுத்த படங்கள் எல்லாம் வெளிறிப் போயின. குழாயின் உட்புறப் பளபளப்புதான் காரணம். பளபளப்பில்லாத கறுப்புப் பெயிண்ட் அடித்ததும் சரியாயிற்று.

கருவி கொடுப்பதோடு எடுத்துக்கொள்ளவும் செய்யும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்தக் குழாயைப் போட்டால் வெளிச்சம் நான்கில் ஒரு பங்காகக் குறைகிறது. தெளிவாக விழும் ஆழமோ ஒரு மில்லி மீட்டர்தான். மூச்சை அடக்கி, டார்ச் விளக்கின் முன் பட்டர் தாளைப் பிடித்துக்கொண்டு, இருபது படத்துக்கு ஒன்று தேறினால் பெரிது. ஆனால் அந்த ஒன்று! பட்டறையிலிருந்து காகிதத்தில் மடித்து வந்த இரும்புச் சீவலை எடுத்தேன். வெறும் கண்ணுக்கு அழுக்குச் சுருளாகத் தெரிந்தது, படத்தில் வைக்கோல் நிறம், செம்பழுப்பு, ஊதா, நீலம் என்று மயிற்கழுத்தாக மின்னியது. அப்பாவிடம் காட்டினேன். சூடேற ஏற நிறம் மாறும் என்றும், சாதாரண டூலில் கடையும்போது சீவலில் நீலம் ஏறினால் வேகம் கூடிவிட்டது, டூல் முனை மழுங்கும் என்று பொருள் என்றும் விளக்கினார். அவர் தம் தொழிலைப் பற்றி என்னிடம் அரை மணி நேரம் பேசியது அன்றுதான்.

இவ்வளவு சொல்வதால், கடன் வாங்கியாவது விலையுயர்ந்த காமிரா வாங்குங்கள் என்று நான் சொல்வதாக யாரும் கருத வேண்டாம். பழையதில் என்ன முடியவில்லை என்பதைச் சொல்லத் தெரியாதவருக்குப் புதியது எதையும் தரப்போவதில்லை. கொரட்டூர் ஏரியில் கூழைக்கடாவைத் தேடிப்போகும் நண்பருக்கு என் குழாயால் பயனில்லை. அவருக்கு வேண்டியது 300 மி.மீ. லென்ஸ். 55 மி.மீ.யில் புள்ளியாக விழும் பறவை அதில் ஐந்தரை மடங்கு பெரிதாக விழும். அந்த லென்ஸை நம்மில் எத்தனை பேர் சொந்தமாக வாங்க முடியும்? வாங்கினாலும் மாதத்தில் எத்தனை நாள் பயன்படும்?

நூலகத்தில் புத்தகம் இருப்பது போல நம் கல்லூரியிலும் ஓர் அலமாரியில் ஒரு தொலைநோக்கு லென்ஸ், ஒரு முக்காலி, சில வளையங்கள் இருக்கட்டும். எடுத்துப் போகிறவர் கையெழுத்திட ஒரு நோட்டுப் புத்தகம். பழையதாக வாங்கினால் துறைக்கு ஒரு சிறு தொகைதான் விழும். பேராசிரியப் பெருமக்கள் இதைப் பரிசீலிக்க வேண்டுகிறேன். அது வரும்வரை என் குழாய் என்னிடம்தான் இருக்கிறது. வேண்டுவோர் கேட்டு வாங்கிப் போகலாம். இதில் பாதி நீளத்துக்கு, 29 மி.மீ.யில், இன்னொன்று கடைந்து தருவதாக அப்பா சொல்லியிருக்கிறார். சரியான அலுமினியத் துண்டு அகப்பட வேண்டும்.